பதினான்கு நகரசபைகளும் நல்லம்மாவின் முட்டைகளும்

இத்தால் சகல பொதுமக்களுக்கும் அறியத்தருவது யாதெனில், மெதபிட்டிய நகரசபை எல்லைக்குள் மின்சாரமானது 1996ஆம் ஆண்டு மே மாதம் முதலாந் திகதி தொடக்கம் விடுதலை பெறுகின்றது. அன்று முதல் மின்பிறப்பாக்கி வைத்திருக்கும் எவரும் மின்சாரம் உற்பத்தி செய்யலாம், எவருக்கும் விற்கலாம், எந்த விலைக்கும் விற்கலாம். சபை இதில் எவ்விதத்திலும் தலையிடமாட்டாது. ஆசியாக் கண்டத்தில் மின்சாரத்துக்கு இவ்வாறான விடுதலை வழங்கப்படுவது இதுவே முதற்றடவை என்பதைச் சபை பெருமையுடன் தெரிவித்துக்கொள்கின்றது.

அறிவித்தல் மீன்சந்தைச் சுவரில் மூன்று தாள்களாக ஒட்டப்பட்டது. சிங்களத் தாளை எழுதியவர் சபைத் தலைவரான தவிசாளர் முதியான்சே. தமிழ்த் தாளை எழுதியவர் கிளாக்கர் விமலநாதன். மூன்று மொழிகளிலும் ஒட்டவேண்டும் என்று சட்டம் இருந்தது. ஆங்கிலத்தில் எழுத ஆள் இருக்கவில்லை. ஆகவே மூன்றாவது தாளை வெறுமையாக ஒட்டி, அடியில் நகரசபை முத்திரையை மட்டும் குத்தினார்கள். மூன்றிலும் அதுதான் தெளிவாக இருந்தது என்று மீன்காரர்கள் பேசிக்கொண்டார்கள்.

"ஆசியாவிலே முதற்றடவை எண்டு எப்பிடிச் சேர் தெரியும்?" என்று விமலநாதன் தவிசாளரிடம் கேட்டுப் பார்த்தார். அவர் யாழ்ப்பாணத்து ஆள். பதினெட்டு வருடமாக எழுத்துவேலை. தெரியாத ஒன்றைத் தாளில் எழுதினால் அவருக்கு இரவில் நித்திரை வராது.

"இல்லையென்று சொல்ல ஆசியாவிலிருந்து யார் வரப்போகிறார்கள்?" என்றார் முதியான்சே. அவர் பேசியது சிங்களம். இந்தக் கதையில் பெரிய மனிதர்கள் எல்லோரும் சிங்களத்தில்தான் பேசினார்கள். வசதிக்காகத் தமிழில் தருகிறோம்.

விடுதலைக்குக் காரணம் மழை. அது பெய்யவில்லை. நீர்த்தேக்கங்களில் அடிச்சேறு வெடித்து, அமிழ்ந்துபோன பழைய ஊர்களின் கோயில் படிகள் வெளியே தெரிந்தன. வடக்கில் யுத்தம், கண்டியில் பாலத்துக்குப் பாலம் மணல்மூட்டை, வீட்டுக்கு வீடு எட்டு மணித்தியால மின்வெட்டு. கண்டியிலிருந்து வத்தேகம போகும் றோட்டில் ஐந்தாம் மைல்கட்டையில் இருந்த மெதபிட்டியவில் காலை எட்டு மணிக்குப் போகிற கரண்ட் பின்னேரம் நான்கு மணிக்குத்தான் வரும். வந்ததும் சிலவேளை திரும்பிப் போய்விடும்.

ஊரில் இரண்டு பேரிடம் ஜெனரேட்டர் இருந்தது. ஒருவர் றலியா, வளையல், சீப்பு விற்கும் பென்சிக் கடைக்காரி. கணவர் மௌத்தானபோது விட்டுப்போன ஜெனரேட்டரை அதுவரை பிளாஸ்டிக் பூக்கள் அடுக்கி வைக்கப் பயன்படுத்தினார். மற்றவர் மரமில் வீரசிங்கம். எண்பத்து மூன்று கலவரத்தில் அவருடைய மில்லை எரித்தவர்களில் இரண்டு பேர் இப்போது அவரிடம்தான் கரண்ட் வாங்கினார்கள். அவர்களுக்கு மட்டும் ஒரு ரூபாய் கூட. சந்தைக்கு ஞாபகசக்தி உண்டு.

றோட்டின் இடப்பக்கம் றலியாவின் வயர், வலப்பக்கம் வீரசிங்கத்தின் வயர். விலை ஒரு பல்புக்கு, ஒரு மணித்தியாலத்துக்கு. கடை வாசலில் கரும்பலகை தொங்கியது. அரை மணிக்கு ஒருதரம் அழித்து எழுதினார்கள். தொலைக்காட்சி நாடகத்தில் கதாநாயகி அழத் தொடங்கினால் விலை ஏறும். விளம்பரம் வந்தால் இறங்கும். பிறகு கெட்டிக்காரர்கள் சிலர் அடுத்த செவ்வாய்க்கிழமைக் கரண்டை இந்தச் செவ்வாயே வாங்கி வைத்து, வெள்ளிக்கிழமை வேறு ஆளுக்கு விற்றார்கள். அந்தச் செவ்வாய்க்கிழமை வந்தபோது றலியாவின் ஜெனரேட்டரில் மண்ணெண்ணெய் இல்லை. சலூன்காரர் பாதி மொட்டையடித்த நிலையில் ஒரு ஆளை நிறுத்தி, "விலை இறங்கட்டும், இருங்க" என்றார். அந்த ஆள் மூன்று நாள் தொப்பியோடு திரிந்தான்.

இவ்வளவையும் ஊர் பொறுத்துக்கொண்டது. பொறுக்க முடியாதவள் ஒருத்தி இருந்தாள், அவள் நல்லம்மா.

நல்லம்மா கலஹாப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்து லயத்து அறையிலிருந்து வந்தவள். கொழுந்துக்கூடையை இறக்கி வைத்துவிட்டு, சந்தைக்குப் பின்னால் ஓர் அறை எடுத்து, கோழிக்குஞ்சு பொரித்து விற்க வந்தாள். பேராதனையில் இருந்த ஒரு கோழி வளர்ப்போர் சங்கம் அவளுக்கு ஒரு பெட்டி கொடுத்திருந்தது. பலகைப் பெட்டி, உள்ளே நான்கு பல்பு, சூடு கூடினால் பல்பை அணைக்கவும் குறைந்தால் ஏற்றவும் ஒரு சின்னக் கருவி. அணைக்கும்போது 'டிக்' என்னும். ஏற்றும்போதும் 'டிக்' என்னும். நூற்றிருபது முட்டை, இருபத்தொரு நாள். ஒவ்வொரு முட்டையிலும் ஒருபக்கம் பென்சிலால் ஒரு பெருக்கல் குறி, மறுபக்கம் ஒரு வட்டம். காலையில் குறி மேலே, மாலையில் வட்டம் மேலே. புரட்டியதா இல்லையா என்று மறக்காமல் இருக்கத்தான்.

முதல் நூற்றிருபதும் ஏப்ரலில், ஒன்பதாம் நாள், அரசாங்க மின்வெட்டில் போயின. இரண்டாவது நூற்றிருபதும் மே மாதம், பதினேழாம் நாள், கதாநாயகிக்குப் பிள்ளை பிறந்து கரண்ட் விலை மூன்று மடங்கானபோது போயின. சங்கத்து இன்ஸ்பெக்டர் வந்து பார்த்துவிட்டு, "மூணாவது தரமும் குஞ்சைக் காட்டலேன்னா பெட்டி வேற ஆளுக்குப் போயிரும்" என்று சொல்லிப் போனார். பெட்டி போனால் அறை போகும். அறை போனால் திரும்பவும் லயம், கூடை, மலை. மூன்றாவது நூற்றிருபது முட்டைக்கு இருபதாம் நாள் ஜூன் மாதக் கடைசி வியாழக்கிழமையில் விழுந்தது. இன்ஸ்பெக்டர் வருவது அதற்கடுத்த திங்கட்கிழமை.

அந்த வியாழக்கிழமைதான் மாநாடு.

மாநாடு வந்த கதை இதுதான். மெதபிட்டிய மின்சாரத்துக்கு விடுதலை கொடுத்ததைப் பார்த்து, அக்கம்பக்கத்தில் பதின்மூன்று நகரசபைகள் தாங்களும் கொடுத்தன. ஆசியாவில் இரண்டாவது, மூன்றாவது என்று அறிவித்தல்களும் ஒட்டின. ஜூன் மாதம் தவிசாளர் முதியான்சேயின் அறையில் மின்விசிறி நின்றது. கரும்பலகை விலை சபைக்குக் கட்டுப்படியாகவில்லை. விசிறி நின்ற அன்றுதான் பொதுமக்கள் படும் துன்பம் சபையின் கவனத்துக்கு வந்தது. மற்றைய பதின்மூன்று சபைகளிலும் அதே வாரத்தில் அதே துன்பம் தெரியவந்தது. 'மின்சாரச் சந்தைச் சீர்திருத்தத்துக்கான நகரசபைகளின் மகாநாடு' கூடியது அப்படித்தான். பிரேரணையை விமலநாதன் இரு மொழியிலும் எழுதினார்: விலைக்கு உச்சவரம்பு வேண்டும், மேற்பார்வைக்கு ஓர் ஆணைக்குழு வேண்டும், கரும்பலகை ஒழிய வேண்டும், ஆஸ்பத்திரிக்கும் சிறுதொழில் செய்வோருக்கும் கரண்ட் முதலில் போக வேண்டும். நான்காவது பிரிவை எழுதும்போது அவர் மனத்தில் நல்லம்மா இருந்தாள். அதைத் தவிசாளரிடம் சொல்லவில்லை.

இவ்வளவு பெரிய மாநாட்டை இருட்டில் நடத்த முடியுமா? முப்பத்திரண்டு ஒலிபெருக்கி, பதினாறு விசிறி, பிரதம அதிதியின் தண்ணீருக்கு ஒரு குளிர்சாதனப் பெட்டி, வாசலில் 'மின்சாரம் சகலருக்கும்' என்று நிறப் பல்புகளில் எரியும் பெரிய எழுத்து. பகல் வேளைதான், ஆனாலும் எரிய வேண்டும். ஊரில் இருந்த கரண்ட் முழுவதையும் பதினான்கு சபைகளும் காசு சேர்த்து அன்றைக்கு வாங்கிவிட்டன. கரும்பலகையில் அன்று எழுதப்பட்ட விலை அதற்கு முன்னும் பின்னும் எழுதப்படவில்லை.

"லாத்தா, நாளைக்கு ஒரு நாளு மட்டும் குடுங்க" என்று நல்லம்மா புதன்கிழமை றலியாவின் கடைக்கு வந்து நின்றாள். "ஓட்டுக்குள்ள குஞ்சு கத்துதுங்க. இப்ப சூடு போனா எல்லாம் போச்சு."

"எனக்குத் தெரியாதா புள்ள? மாநாட்டுக்காரன் முழுசா எடுத்துட்டான். வீரசிங்கத்தார்க்கிட்டயும் அப்படித்தான். ஒரு பல்பு எரியக் கூட மிச்சமில்ல."

"மாநாடு எதுக்குங்க?"

"கரண்டு எல்லாருக்கும் கெடைக்கணும்டு."

"அதுக்காக நாளைக்கு யாருக்கும் கெடையாதா?"

"நாளைக்கு மட்டும்தான் புள்ள. நாளண்டைக்கு அவங்க முடிவெடுத்துடுவாங்க. அல்லா காப்பாத்துவான், நீ அந்தக் கிளாக்கர்க்கிட்டப் போய்ப் பாரேன். மண்டபத்துச் சாவி அவருக்கிட்டத்தான்."

விமலநாதன் முதலில் முடியாது என்றார்.

"நாலு பல்புதாங்க ஐயா. மேடைக்குக் கீழ ஒரு மூலையில வெச்சிக்கிறேன்."

"நல்லம்மா, நான் யாழ்ப்பாணத்து ஆள். பட்டியலில இல்லாத பெட்டி ஒண்டை மண்டபத்துக்குள்ள விட்டனெண்டு தெரிஞ்சால் எனக்கு என்ன நடக்குமெண்டு யோசிச்சுப் பாத்தீங்களோ?"

"அப்பப் பட்டியல்ல எழுதிடுங்களேன்."

விமலநாதன் பட்டியலை எடுத்து விரித்தார். எழுதப்பட்ட ஒரு விஷயத்தைச் சட்டவிரோதம் என்று நினைக்க அவரால் முடியாது. மண்டபத்துப் பொருட் பட்டியலில் கதிரை 140, குத்துவிளக்கு 1, ஒலிவாங்கி 2 என்பதற்குக் கீழே 'பெட்டி 1, உள்ளடக்கம் முட்டை 120, இடம் மேடையின் கீழ்' என்று எழுதினார். வியாழக்கிழமை காலை வாசலில் நின்ற சிப்பாய் அதில் கையெழுத்திட்டான். பட்டியல் தமிழில் இருந்தது. அவனுக்குத் தமிழ் தெரியாது. ஆனால் அன்று காலையிலிருந்து அவன் நாற்பது தாளில் கையெழுத்திட்டிருந்தான்; நாற்பத்தோராவது தாள் மேல் அவனுக்கு ஒரு கோபமும் இல்லை.

மாநாடு ஒன்பது மணிக்குத் தொடங்குவதாக இருந்தது. ஆகவே பத்தரைக்குத் தொடங்கியது. பிரதம அதிதி கொழும்பிலிருந்து வந்தார். அவர் என்ன பதவி வகிக்கிறார் என்பது அழைப்பிதழிலும் இல்லை, அவரை அழைத்தவர்களுக்கும் சரியாகத் தெரியவில்லை. இரண்டு ஜீப்பில் வந்தார். அதுவே போதுமானதாக இருந்தது.

மங்கள விளக்கேற்றல் ஒரு மணித்தியாலம் எடுத்தது. பிரதம அதிதி, பிறகு பதினான்கு தவிசாளர்கள், பிறகு உபதவிசாளர்கள் என்று தராதரப்படி வந்து ஒவ்வொரு திரியாக ஏற்றினார்கள். விசிறிக் காற்றில் ஏற்றிய திரி அணைந்தது. விசிறியை நிறுத்தினார்கள், பிரதம அதிதிக்கு வியர்த்தது. விசிறியைப் போட்டார்கள்; விளக்கு அணைந்தது. அணைந்த திரியை மறுபடி ஏற்றும் உரிமை முதலில் ஏற்றியவருக்கே உண்டு என்று ஒரு தவிசாளர் ஆட்சேபித்ததால், எல்லோரும் மறுபடி முதலிலிருந்து வந்தார்கள்.

பிற்பகல் ஒரு மணிக்குப் பிரதம அதிதி பேச எழுந்தார். "அன்பர்களே, இருள் என்பது என்ன? ஒளி இல்லாமை. ஒளி என்பது என்ன?" என்று கேட்டு, பதிலுக்காகச் சற்று நிறுத்தினார்.

டிக்.

ஒலிவாங்கிக்கு நேர் கீழே, இரண்டு பலகை இடைவெளியில், நல்லம்மாவின் பெட்டி இருந்தது. முப்பத்திரண்டு ஒலிபெருக்கியிலும், மண்டபத்திலும், சந்தையிலும், பஸ் நிலையத்திலும், பௌத்தப் பன்சலை மதிலுக்கு அப்பாலும் அந்த 'டிக்' கேட்டது. பிறகு ஒரு சின்னக் 'கீச்'. பிறகு இன்னொரு 'டிக்'.

அந்த வருடம் நாட்டில் 'டிக்' என்ற சத்தத்துக்கு ஒரே அர்த்தம்தான். சீர்திருத்தம் கோரிவந்த தொண்ணூற்று நான்கு பேரும் இரண்டு நிமிடத்துக்குள் மண்டபத்தை விட்டு வெளியேறினார்கள். வெளியேறும்போது மட்டும் தராதரம் பார்க்கப்படவில்லை.

எல்லோரையும் பக்கத்து விளையாட்டுத்திடலில் நிறுத்தினார்கள். இராணுவ மேஜர் ஒருவர் வந்தார். பெட்டியில் கயிறு கட்டித் தூரத்திலிருந்து இழுத்தார்கள்; படியில் உருண்டு பல்பு நான்கும் நொறுங்கின. பிறகு ஒரு பக்கத்தை மரம் அறுக்கும் வாளால் அறுத்தார்கள். உள்ளே வைக்கோலில் பொதிந்து நூற்றிருபது முட்டை. மூன்றில் மட்டும் கீறல். சிப்பாய்கள் ஒவ்வொன்றாக எடுத்து, பத்துப் பத்தாகப் புல்லில் அடுக்கினார்கள்.

"பெட்டி யாருடையது?"

"என்னோடதுங்க!" என்று நல்லம்மா கூட்டத்தைப் பிளந்துகொண்டு ஓடி வந்தாள்.

"கையைத் தூக்கு!"

அவள் இரண்டு கையையும் தூக்கினாள். அடையாள அட்டை கேட்டார்கள். அது கலஹாவில், தோட்டத்து ஒபிசுக்கு மூன்று வருடமாக வந்துகொண்டிருந்தது. அட்டை இல்லாத தமிழ்ப் பெண், வயருள்ள பெட்டி. பொலிசிலிருந்து ஆள் வந்து விசாரிக்கும்வரை தூக்கிய கை தூக்கியபடியே நிற்கவேண்டும் என்று கட்டளை.

"இவளைத் தெரிந்தவர்கள் யாராவது உண்டா?" என்று மேஜர் கேட்டார்.

"எனக்குத் தெரியும் சேர்" என்றார் விமலநாதன்.

"உமது ஊர்?"

"யாழ்ப்பாணம்."

"வேறு யாராவது?" என்றார் மேஜர்.

மேஜர் ஒரு முட்டையை எடுத்துத் திருப்பிப் பார்த்தார். பெருக்கல் குறி. மறுபக்கம் வட்டம். "இது என்ன சங்கேதம்?"

"பெரட்டுறதுக்குங்க சாமி!" என்று கையைத் தூக்கியபடியே நல்லம்மா கத்தினாள். "காலையில பெருக்கல், அந்திக்கு வட்டம்! புல்லுல வெக்காதீங்க, குளுரும்!"

மேஜர் முட்டையைக் காதில் வைத்துக் கேட்டார். முகம் கொஞ்சம் மாறியது. பக்கத்தில் நின்ற பிரதம அதிதியிடம் நீட்டினார். அவரும் காதில் வைத்தார். பத்திரிகைப் படப்பிடிப்பாளர் ஓடி வந்து படம் எடுத்தார்.

"கையில வெச்சிக்கிட்டு நிக்காதீங்க ஐயா, காத்துப் படும்! கக்கத்துல வைங்க! பொரிக்கிற வரைக்கும் கையத் தூக்கவே கூடாது!"

மொழிபெயர்ப்பது விமலநாதனின் கடமை. அன்று முழுவதும் அதைத்தான் செய்துகொண்டிருந்தார். அதே பழக்கத்தில், அதே குரலில், சிங்களத்தில் சொன்னார்: "இப்போது பிரதம அதிதி அவர்கள் இம்முட்டையைத் தமது தோளின் கீழ் ஏற்று, அது பொரிக்கும் வரையில் கரத்தை அசைக்காதிருக்குமாறு பணிவன்புடன் கேட்டுக்கொள்ளப்படுகின்றார்."

பிரதம அதிதி பொது வாழ்க்கையில் முப்பது வருடத்தைக் கழித்தவர். விளக்கேற்று என்றால் ஏற்றியிருக்கிறார், நாடாவை வெட்டு என்றால் வெட்டியிருக்கிறார், புறாவைப் பறக்கவிடு என்றால் விட்டிருக்கிறார். இது நிகழ்ச்சிநிரலில் அடுத்த அம்சம் என்று நினைத்து, தேசிய உடையின் கழுத்துப் பொத்தானைக் கழற்றி, முட்டையைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு கமராவைப் பார்த்துச் சிரித்தார்.

அவ்வளவுதான். பிரதம அதிதி செய்ததைத் தவிசாளர்கள் செய்யாமல் இருக்க முடியுமா? பதினான்கு பேரும் முன்னால் வந்தார்கள்.

"எனக்கு எத்தனை?" என்று முதியான்சே கேட்டார்.

இது சிக்கலான கேள்வி. விமலநாதன் ஆசனப் பட்டியலைப் பார்த்து விநியோகித்தார். பிரதம அதிதிக்கு இரண்டாவது கக்கத்துக்கும் ஒன்று சேர்த்து இரண்டு. தவிசாளர்களுக்குத் தலா இரண்டு. உபதவிசாளர்களுக்கும் உறுப்பினர்களுக்கும் ஒவ்வொன்று. ஓர் உபதவிசாளர் தன் முட்டை மற்றவருடையதைவிடச் சிறியது என்றார். இன்னொருவர் தனக்குக் கீறல் முட்டை கொடுத்தது கட்சிப் பழிவாங்கல் என்றார். நூற்றொன்பது முட்டை போய், புல்லில் பதினொன்று மிஞ்சியது. ஜீப் சாரதிகள் வாங்க வந்தார்கள். சாரதிகளுக்கு முட்டை வழங்க விதியில் இடமில்லை என்று தவிசாளர்கள் தடுத்தார்கள்.

"எனக்கு ரெண்டு தாங்களேன், நான் வெச்சிருக்கேன்" என்று வேலிக்கு வெளியே நின்று றலியா கேட்டார்.

"மின்சார வியாபாரி நீர். மாநாட்டில் உமக்குப் பக்கச்சார்பு உண்டு" என்று முதியான்சே மறுத்துவிட்டார்.

"இவனுக்கு முட்டையிலயும் பக்கச்சார்பாம்!" என்று றலியா தமிழில் சொன்னதை விமலநாதன் மொழிபெயர்க்கவில்லை. அவருக்கு முட்டை கிடைக்கவில்லை. குறிப்பெழுதக் கை வேண்டும்.

மணி இரண்டே முக்கால். மூன்று மணிக்குப் பிரதம அதிதி புறப்பட வேண்டும். இருட்டுவதற்கு முன் கடுகண்ணாவை மலைப்பாதையை இறங்கிவிட வேண்டும் என்பது அவருடைய பாதுகாப்பு அதிகாரிகளின் உத்தரவு. மண்டபத்தைச் சோதித்து முடிக்கவில்லை. ஆகவே பிரேரணையை அங்கேயே, திடலில், நின்றபடியே நிறைவேற்றிவிடுவது என்று தீர்மானித்தார்கள். விமலநாதன் நான்கு பிரிவையும் உரத்து வாசித்தார். நான்காவதை இரண்டுதரம் வாசித்தார். எல்லோரும் மெச்சித் தலையாட்டினார்கள். எதிர்ப்பே இல்லை.

"பிரேரணைக்கு ஆதரவானவர்கள் கையை உயர்த்தவும்" என்றார் முதியான்சே.

ஒரு கையும் உயரவில்லை.

தொண்ணூற்று நான்கு பேர் கைகளை விலாவோடு ஒட்டிக்கொண்டு, புதுச்சட்டை போட்ட பிள்ளைகள் போல நின்றார்கள். ஒரு முட்டை வைத்திருந்தவர்கள் மற்றக் கையால் அந்தக் கக்கத்தைப் பொத்திப் பிடித்திருந்தார்கள். சிலர் விரலை மட்டும் இடுப்பளவில் ஆட்டிப் பார்த்தார்கள்.

"விதி இருபத்தொன்று: தோளுக்கு மேல உயர்த்தின கை மட்டும்தான் கை, சேர்" என்று விமலநாதன் மெதுவாகச் சொன்னார்.

"யாராவது ஒருவர் உயர்த்துங்களேன்!" என்று முதியான்சே கத்தினார்.

"நீங்கள் உயர்த்துங்கள்" என்றார் பக்கத்துத் தவிசாளர். முதியான்சே பிரதம அதிதியைப் பார்த்தார். பிரதம அதிதி அசையவில்லை. கண்ணை மூடிக்கொண்டு கக்கத்துக்குள் நடப்பதைக் கவனித்துக்கொண்டிருந்தார். அவர் அசையாதபோது தாம் அசைந்து, அவர் முன்னால் ஒரு முட்டையைக் கீழே போட்டு உடைக்கும் துணிவு அந்தத் திடலில் ஒருவருக்கும் இல்லை. உறுப்பினர் ஒருவர் கையை அரை அடி தூக்கினார்; உள்ளே 'கீச்' என்றதும் இறக்கிவிட்டார்.

அந்த மைதானம் முழுவதிலும் உயர்ந்திருந்த கை இரண்டுதான். இரண்டும் நல்லம்மாவுடையவை.

"அதை எண்ணலாமா?" என்று முதியான்சே கேட்டார்.

"அவ உறுப்பினர் இல்லை சேர். அதோட ரெண்டும் ஒராளின்ர கை."

"எதிரானவர்கள்?"

அதற்கும் ஒரு கையும் உயரவில்லை. வாக்குகள் சமம் என்றால் தலைவருக்குத் தீர்மானிக்கும் வாக்கு உண்டு. தலைவருக்கு இரண்டு கக்கம், இரண்டு முட்டை. அவர் வானத்தைப் பார்த்தார். விமலநாதன் கண்டதைக் கண்டபடி எழுதினார்: 'ஆதரவாக: இல்லை. எதிராக: இல்லை. தலைவர் தமது வாக்கைப் பயன்படுத்தவில்லை. பிரேரணை தோற்கடிக்கப்பட்டது. உறுப்பினரல்லாத ஒருவர் இரு கைகளாலும் ஆதரித்தமை குறிப்பில் சேர்க்கப்பட்டது.'

மூன்று மணிக்கு ஜீப் உறுமியது. பிரதம அதிதி தோளை அசைக்காமல், ஒரு பாதுகாவலர் தூக்கிவிட ஏறி உட்கார்ந்தார்.

"ஐயா! முட்டைங்க ஐயா!" என்று நல்லம்மா கதறினாள். தூக்கிய கையை இறக்க முடியவில்லை. சிப்பாய் அவள் பக்கம் நீட்டிய துவக்கை இன்னும் இறக்கவில்லை. "கிளாக்கையா, சொல்லுங்களேன், முட்டையத் தரச் சொல்லுங்களேன்!"

விமலநாதன் ஜீப்பின் பக்கத்தில் ஓடி, "முட்டை..." என்று தொடங்கினார்.

"பயப்பட வேண்டாம் என்று அந்தப் பெண்ணிடம் சொல்லும்" என்றார் பிரதம அதிதி, கண் கலங்க. "பொரிக்கிற வரைக்கும் கையைத் தூக்க மாட்டேன்."

அவர் முட்டையோடு போனபிறகு மற்றவர்கள் முட்டையை வைத்துவிட்டுப் போனால் அது அவமரியாதை. மற்றப் பதின்மூன்று ஊர் வான்களும் ஒன்றன்பின் ஒன்றாக, குழியில்லாத பக்கமாகப் பார்த்து மிக மெதுவாக, வத்தேகமவுக்கும் கண்டிக்குமாகப் புறப்பட்டுப் போயின. மெதபிட்டிய உறுப்பினர்கள் தங்கள் வீடுகளுக்கு நடந்தார்கள். மூன்றரைக்குப் பொலிசிலிருந்து ஆள் வந்து, கலஹாத் தோட்டத்துக்குத் தொலைபேசி எடுத்து, நல்லம்மாவைக் கையை இறக்கச் சொன்னார்கள். நான்கு மணிக்கு அரசாங்கக் கரண்ட் வந்தது. பெட்டி பக்கம் அறுபட்டு, பல்பு நொறுங்கிக் கிடந்தது.

குஞ்சுகள் நன்றாகவே பொரித்தன என்று அடுத்தடுத்த நாட்களில் செய்தி வந்தது. பிரதம அதிதியின் முதற்குஞ்சு கடுகண்ணாவை வளைவில் பொரித்தது. பத்திரிகையில் படம் வந்தது. இரண்டு தவிசாளர்கள் தங்கள் குஞ்சுகளுக்குச் சபைக் காரியாலயத்தில் இடம் ஒதுக்கினார்கள். வெள்ளிக்கிழமை விமலநாதன் பதினான்கு சபைகளுக்கும் கடிதம் எழுதி, சனிக்கிழமை கண்டி பஸ்ஸில் ஏறி எட்டு ஊருக்குக் கையோடு கொண்டுபோய்க் கொடுத்தார். 'மேற்படி குஞ்சுகள் நல்லம்மா என்பவரின் உடைமை. அவருடைய பிழைப்பு இதில் தங்கியுள்ளது. தயவுசெய்து திருப்பித் தரவும்.' மாநாட்டின்போது பெறப்பட்ட பொருளைத் திருப்பிக் கொடுக்க இன்னொரு மாநாட்டில் பிரேரணை நிறைவேற வேண்டும் என்று எட்டுப் பேரும் ஒரே பதிலைச் சொன்னார்கள். முதியான்சேயின் வீட்டில் இரண்டு குஞ்சு இருந்தது. அவருடைய சின்ன மகள் அவற்றுக்குப் பெயர் வைத்துவிட்டாளாம்.

திங்கட்கிழமை காலை சங்கத்து இன்ஸ்பெக்டர் வந்தார். "எங்கம்மா குஞ்சு?" என்று கேட்டார்.

நல்லம்மாவிடம் பதினொரு கூமுட்டை இருந்தது.